மைக் கைக்கு வந்தா என்ன கேப்பீங்க?



காலேஜ் சிம்போசியம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு ஃபைல், ஒரு பேனா, லஞ்ச் கூப்பன், சாயங்காலம் ஒரு சர்டிஃபிகேட். நடுவுல குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை. சீஃப் கெஸ்ட் பேசி முடிச்சதும் 'எனி கொஸ்டின்ஸ்?'னு கேப்பாங்க. ஹால்ல மூச்சு சத்தம்கூட இருக்காது. நம்ம மனசுக்குள்ள ஒரு கேள்வி முட்டிக்கிட்டு நிக்கும். ஆனா, 'கேட்டு மொக்கையாப் போயிட்டா?'னு ஒரு பயம். பக்கத்து சீட்டுக்காரன் வேற, 'சும்மா இருடா, சாப்பாட்டுக்கு லேட்டாகுது'னு முழங்கையால இடிப்பான். அவ்ளோதான்... நன்றியுரை!

இந்த வாரம் நாம எட்டிப் பார்க்கப் போறது ஒரு பெரிய மாநாட்டை. அமெரிக்க உளவியல் சங்கம் வருஷா வருஷம் நடத்துற மாநாடு. 'நான் மெக்கானிக்கல், எனக்கு எதுக்கு சைக்காலஜி?'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. அந்த மேடையில நடந்த சில விஷயங்கள் பின் பெஞ்சுல உட்கார்ந்திருக்கற நமக்கும் சேர்த்துதான்.

முதல்ல ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துடுவோம். சைக்கியாட்ரிஸ்ட் வேற, சைக்காலஜிஸ்ட் வேற. முதல் ஆள் மருத்துவம் படிச்சு, மருந்து எழுதித் தர்ற டாக்டர். ரெண்டாவது ஆள் மனசையும் நடத்தையையும் ஆராய்றவர். பேசிப் பேசியே சிகிச்சை தர்றவங்களும் அதுல உண்டு. நாம பார்க்கப் போறது இந்த ரெண்டாவது கூட்டத்தை.

31 பேர்ல ஆரம்பிச்ச கதை

1892 ஜூலையில் ஸ்டான்லி ஹால் என்கிற பேராசிரியர், கிளார்க் பல்கலைக்கழகத்துல இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். அதே வருஷம் டிசம்பர்ல, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல முதல் கூட்டம். ஆரம்ப உறுப்பினர்கள் மொத்தம் 31 பேர். உங்க க்ளாஸ் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல இதைவிட அதிகப் பேர் இருப்பாங்க! அந்த 31 பேருமே ஆண்கள்.

13 வருஷம் கழிச்சு, 1905-ல் அந்தச் சங்கத்துக்குத் தலைவரா வந்தவர் ஒரு பெண். மேரி கால்கின்ஸ். ஹார்வர்டுல டாக்டர் பட்டத்துக்கான எல்லா வேலையையும் முடிச்சவர். ஆசிரியர்களே 'தகுதி இருக்கு'னு சொல்லியும், 'பெண்களுக்குப் பட்டம் தர்றதில்லை'னு பல்கலைக்கழகம் கையை விரிச்சிடுச்சு. அப்புறம், 'ராட்கிளிஃப் பெண்கள் கல்லூரி பேர்ல தர்றோம், வாங்கிக்கறீங்களா?'னு கேட்டாங்க. 'வேணாம்'னுட்டார். பட்டமே இல்லாதவர்தான் பட்டம் வாங்கினவங்களுக்கெல்லாம் தலைவி. எப்படி!

இன்னைக்கு அந்த மாநாடு பெரும்பாலும் ஆகஸ்ட் மாசத்துல, வருஷத்துக்கு ஒரு ஊர்ல நடக்குது. சொற்பொழிவு, விவாதம், மாணவர்கள் தங்களோட போஸ்டர் பக்கத்துல நின்னு ஆராய்ச்சியை விளக்கற அரங்கம்னு பல நாள் திருவிழா. ஆனா, எல்லாரும் தலையாட்டிக் கைதட்டின நாட்கள் யாருக்கும் பெருசா ஞாபகம் இல்லை. 'நீங்க ஒண்ணை மறந்துட்டீங்க'னு யாரோ ஒருத்தர் எழுந்து சொன்ன நாட்கள்தான் நின்னுடுச்சு.

121,000-ல் 186

1950. தலைவர் கில்ஃபோர்ட் பேச எழுந்தார். உளவியல் ஆய்வுகளோட பட்டியலை எடுத்து, 23 வருஷக் கணக்கைப் பார்த்திருக்கார். சுமார் 121,000 தலைப்புகள். அதுல படைப்புத்திறன், அதாங்க நாம 'கிரியேட்டிவிட்டி'னு சொல்றோமே, அதைப் பத்தி இருந்தது வெறும் 186!

மார்க் வாங்கற புத்தியை மட்டும் அளந்துக்கிட்டே இருக்கோம். புதுசா யோசிக்கிற புத்தியை ஏன் யாரும் கண்டுக்கலை? இதுதான் அவர் கேள்வி. படிப்புக்கும் படைப்புத்திறனுக்கும் ஏன் பெரிய சம்பந்தம் தெரிய மாட்டேங்குதுனும் கேட்டார். அரியர் வெச்சிருக்கற நண்பர்கள் இங்கே விசிலடிக்கலாம். ஆனா, அரியர் வெச்சா கிரியேட்டிவிட்டி தானா வந்துடும்னு அவர் சொல்லலை, ஜாக்கிரதை! அந்த உரைக்கு அப்புறம்தான் படைப்புத்திறன் ஆராய்ச்சி சூடு பிடிச்சது. ஒரு செங்கல்லை என்னென்னத்துக்குப் பயன்படுத்தலாம்னு கேக்கற மாதிரியான டெஸ்ட்டுகள் பிரபலமானதுல இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

கம்பி அம்மா, துணி அம்மா

1958. வாஷிங்டன். அந்த வருஷத் தலைவர் ஹாரி ஹார்லோ எடுத்துக்கிட்ட தலைப்பு, அன்பு. விஞ்ஞானிகள் கூட்டத்துல அன்பா?

பின்னணி தெரிஞ்சாதான் இது புரியும். 1915-ல் இதே சங்கத்துக்குத் தலைவரா இருந்த ஜான் வாட்சன், 1928-ல் குழந்தை வளர்ப்பு பத்தி ஒரு புத்தகம் எழுதினார். 'குழந்தையைக் கட்டிப்பிடிக்காதீங்க, முத்தம் கொடுக்காதீங்க, காலையில கை குலுக்கினா போதும்'ங்கற ரேஞ்சுல அறிவுரை. பால் கொடுக்கறதாலதான் குழந்தை அம்மாகிட்ட ஒட்டிக்குதுனு நிறைய பேர் நம்பின காலம் அது.

ஹார்லோ குரங்குக் குட்டிகளுக்கு ரெண்டு பொம்மை அம்மாக்களைச் செஞ்சு வெச்சார். ஒண்ணு வெறும் கம்பி. அதுல பால் பாட்டில். இன்னொண்ணு மெத்துனு துணி சுத்தினது; அதுல பால் இல்லை. குட்டிகள் என்ன பண்ணுச்சு? பசிச்சா கம்பி அம்மாகிட்ட போய்க் குடிச்சிட்டு, மத்த நேரமெல்லாம் துணி அம்மாவைக் கட்டிக்கிட்டே கிடந்துச்சு. பயம் வந்தாலும் ஓடினது அங்கேதான். 'அன்பைப் பத்திப் பேச வேண்டிய நாமளே அதைப் பேசாம விட்டுட்டோம்'ங்கறதுதான் ஹார்லோ அன்னைக்கு வெச்ச குற்றச்சாட்டு.

குட்டிகளைத் தாய்கிட்ட இருந்து பிரிச்ச அந்தச் சோதனை கொடுமைங்கற விமர்சனம் பின்னாடி பலமா எழுந்தது. நியாயமான விமர்சனம்தான். அன்பைப் புரிஞ்சுக்க அன்பில்லாத வழி!

'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ!'

இப்ப மெயின் மேட்டருக்கு வருவோம். 1967 செப்டம்பர் 1. அதே வாஷிங்டன். இந்த முறை மேடை ஏறினவர் உளவியலாளரே இல்லை. மார்ட்டின் லூதர் கிங்.

உளவியல்ல 'மாலட்ஜஸ்ட்டட்'னு ஒரு வார்த்தை உண்டு. சூழ்நிலையோட ஒத்துப்போக முடியாதவர்னு அர்த்தம். ஒத்துப்போக முடியாம தவிக்கறவங்களைத் தேத்தறது உங்க வேலை, நல்ல வேலைதான்னு கிங் ஒத்துக்கிட்டார். ஆனா, சில விஷயங்களோட மனுஷன் ஒத்துப்போகவே கூடாதுன்னார். இனவெறி, மதவெறி, பலரோட அவசியத் தேவைகளைப் பறிச்சு சிலருக்கு ஆடம்பரம் தர்ற பொருளாதாரம், போர்வெறி... இதோடெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியாதவன்னு சொல்லிக்கறதுல தனக்குப் பெருமைங்கற அர்த்தத்துல பேசினார். இப்படி ஆக்கபூர்வமா ஒத்துப்போகாதவங்களுக்குனு உலக அளவுல ஒரு சங்கம் ஆரம்பிச்சா தேவலைனும் சொன்னார். ஏழு மாசம் கழிச்சு, 1968 ஏப்ரல் 4-ல் அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க. நாம ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா'னு கேக்கறோம்? பஸ் சீட்டுல நாலு பேர் நெருக்கி உட்காரும்போது சொன்னா, அது மனிதாபிமானம். ஹாஸ்டல் ரூம்ல ஜூனியரை நிக்க வெச்சுக் கலாய்க்கும்போது சொன்னா? க்ளாஸ்ல ஒருத்தனோட ஜாதியைச் சொல்லி ஜோக் அடிக்கும்போது சொன்னா? ஒரே வார்த்தைதான், ஆனா ரெண்டும் ஒண்ணா?

இன்னொண்ணும் சொல்லிடறேன். இன்டர்னல்ல ரெண்டு மார்க் குறைஞ்சதெல்லாம் இந்த லிஸ்ட்டுல வராது! அதே மாதிரி தூக்கம் வரலை, சாப்பிடப் பிடிக்கலை, எதுலயும் ஒட்டலைனு நாள்கணக்கா இருந்தா அது வீரமும் இல்லை, பலவீனமும் இல்லை. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட பேசுங்க. கவுன்சலரைப் போய்ப் பாருங்க. ஒத்துப்போகாம நிக்கறதுக்கும் மனசுல தெம்பு வேணுமே!

மேடை ஏறின மாணவர்கள்

கிங் பேசின மறுவருஷம், 1968-ல் சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டு சமயத்துல கறுப்பின உளவியலாளர்கள் கூடித் தங்களுக்குனு ஒரு தனிச் சங்கம் ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷம், 1969-ல் மறுபடி வாஷிங்டன். தலைவர் ஜார்ஜ் மில்லர் பேச வேண்டிய நேரம். மனுஷ ஞாபகத்துல ஒரே நேரத்துல சுமார் ஏழு விஷயம்தான் நிக்கும்னு எழுதிப் புகழ் வாங்கினவர் இவர்தான்.

அவர் பேச ஆரம்பிக்கறதுக்குள்ள, கறுப்பின மாணவர்கள் மேடைக்கு வந்துட்டாங்க. ஆமா, உங்களை மாதிரி படிச்சுக்கிட்டிருந்த மாணவர்கள்! உளவியல் துறைகள்ல எங்க ஆட்கள் ஏன் இவ்வளவு குறைச்சல்? எங்களுக்குச் சொல்லித்தர எங்க ஆசிரியர்கள் எங்கே? நீங்க கத்துத்தர்றது எங்க மக்களுக்கு எப்படி உதவும்? இதெல்லாம்தான் அவங்க கோரிக்கைகளோட சாரம். சங்கத்தோட பிரதிநிதிகள் சபை அதைக் கேட்க வேண்டியதாச்சு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அன்னைக்கு மில்லர் பேச வெச்சிருந்த விஷயமே, 'உளவியல் நிபுணர்களோட தனிச்சொத்து இல்லை, அதை மக்கள்கிட்ட கொடுத்துடணும்'ங்கறதுதான். உளவியல் மாணவர்களுக்கு இன்னைக்கும் பிடிச்ச உரை அது. ஆனா, யார் கைக்கு அது இன்னும் போய்ச் சேரலைங்கறதை அவருக்கு முன்னாடியே மேடை ஏறி மாணவர்கள் காட்டிட்டாங்க.

1971-ல் அந்தச் சங்கத்துக்கு முதல் கறுப்பினத் தலைவர் வந்தார். கென்னத் கிளார்க். மனைவி மேமியோட சேர்ந்து கறுப்பினக் குழந்தைகள்கிட்ட வெள்ளை, கறுப்பு பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மைனு கேட்டவர். நிறைய குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின சோகத்தை நாட்டுக்குச் சொன்னவர். பள்ளிகள்ல இனப் பிரிவினை சட்டவிரோதம்னு 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இவரோட ஆய்வையும் குறிப்பிட்டது. மாணவர்கள் மேடை ஏறினதாலதான் இவர் தலைவரானார்னு நான் சொல்ல வரலை. ஆனா, காத்து மாறியிருந்தது நிஜம்.

மேடையில சொல்றதெல்லாம் சரியாயிடுமா? இல்லவே இல்லை. இதே கிளார்க், அதிகாரத்துல இருக்கறவங்க அதைத் தப்பாப் பயன்படுத்தாம இருக்க மருந்து கொடுத்துடலாம்னு தன்னோட தலைமையுரையில ஒரு யோசனை சொன்னார். நல்ல மனசு, விபரீத யோசனை! 1990 ஆகஸ்ட் 10-ல் பாஸ்டன் மாநாட்டுல, 86 வயசு ஸ்கின்னர் வாழ்நாள் சாதனைக்கான கௌரவத்தை வாங்கிக்கிட்டு, மனசுக்குள்ள என்ன நடக்குதுனு ஆராயற அறிவியலே தப்பான பாதைனு தன் சக ஆட்களை வறுத்தெடுத்தார். எட்டு நாள்ல ரத்தப் புற்றுநோயால இறந்துட்டார். பல பேர் அவரோட கருத்தை ஏத்துக்கலை. ஆனா, அவர் பேச மேடை இருந்தது. அதுதான் விஷயம்.

கண்ணாடி முன்னாடி

கடைசியா ஒண்ணு. 2015 ஜூலையில் ஒரு வக்கீல் தலைமையிலான விசாரணைக் குழுவோட அறிக்கை வெளியாச்சு. விசாரணைக்கு ஏற்பாடு பண்ணினது சங்கமேதான். 2001-க்கு அப்புறம் பயங்கரவாத சந்தேகக் கைதிகளை விசாரிச்சதுல உளவியலாளர்களுக்கும் பங்கு இருந்தது. அந்த விசாரணைக்கு இடைஞ்சல் இல்லாதபடி சங்கத்தோட ஒழுக்க விதிகளைத் தளர்வா வெச்சிருக்க, சங்கத்து அதிகாரிகள் சிலர் பாதுகாப்புத் துறையோட கை கோத்தாங்கனு அந்த அறிக்கை சொல்லிச்சு. அதை மறுக்கறவங்களும் உண்டு. மனசை ஆத்த வேண்டியவங்க, மனசை உடைக்கத் துணை போனாங்களா? பல வருஷமா சில உறுப்பினர்கள் எழுந்து நின்னு கேட்டுக்கிட்டே இருந்த கேள்வி இது. கேட்டவங்களுக்குக் கிடைச்ச பேர், தொல்லை பண்றவங்க!

ஆகஸ்ட்ல டொரான்டோ மாநாட்டுல ஓட்டெடுப்பு. தேசப் பாதுகாப்பு விசாரணைகள்ல உளவியலாளர்கள் பங்கெடுக்கக் கூடாதுங்கற தீர்மானத்துக்கு ஆதரவு 157, எதிர்ப்பு 1. தொல்லைனு நினைச்சதுதான் கடைசியில தீர்மானம் ஆச்சு.

ஸோ, ஃப்ரெண்ட்ஸ்... அடுத்த சிம்போசியத்துல சாப்பாட்டு நேரம் நெருங்கும். 'எனி கொஸ்டின்ஸ்?'னு குரல் வரும். பக்கத்து சீட்டுக்காரன் முழங்கையைத் தூக்குவான். நீங்க கையைத் தூக்குங்க. பெரிய அறிவாளி மாதிரியெல்லாம் கேக்க வேணாம். என்ன கேக்கறதுனு தெரியலைனா, இந்த ஒண்ணை எழுதி வெச்சுக்கோங்க: 'சார், உங்க துறை இதுவரைக்கும் கேக்க மறந்த கேள்வி எது?'

சாப்பாடு பத்து நிமிஷம் லேட்டாகும். அதை மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்!

அடுத்த வாரம் பார்ப்போமா?