மூன்று மணி நேரம் போதும்

கோடை இடிமழை சொல்லிவிட்டு வருவதில்லை என்பது நம் வணிகர்களிடையே நெடுநாளைய பேச்சு. இன்று அது முழு உண்மையன்று. இந்திய வானிலை ஆய்வுத் துறை, அடுத்த 3 மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. டாப்ளர் ரேடார், செயற்கைக்கோள், தரை நிலையங்கள் தரும் அப்போதைய நிலவரமே அதற்கு அடிப்படை.

வெயில் சுட்டு, ஈரக்காற்று மேலெழுந்தால் பிற்பகலில் மேகம் திரளும். திரண்ட பிறகே அது ரேடாரில் தென்படும். ஆகவே காலை அறிவிப்போடு நின்றுவிடாமல், பிற்பகலிலும் ஒருமுறை பார்ப்பதே முறை.

தருமபுரி மாவட்டத்துக்கு எச்சரிக்கை வந்தும் தொப்பூரில் தூறல்கூட விழாமற் போகலாம். அதற்காக அறிவிப்பே பொய் என்று ஒதுக்கலாமா? தார்ப்பாய் விரிக்கும் சிரமம் சிறிது. நனைந்த சர்க்கரை மூட்டைக்கு ஈடு யார் தருவார்?

மூட்டையைவிட உயிர் பெரிது. இடி கேட்டதும், லாரி மேல் நின்று சரக்கு இறக்கும் தொழிலாளியைக் கட்டடத்துக்குள் அழைத்துவிட வேண்டும். கடைசி இடி ஓய்ந்து அரைமணி கழித்தே வேலை தொடரட்டும். அந்த அரைமணியைக் கூலியில் பிடிக்கலாகாது. மழையில் கணவாய் இறங்கிவரும் லாரி தாமதித்தால் ஓட்டுநரை விரட்டவும் கூடாது.

சித்திரை, வைகாசி மாதங்களில் கடைத்தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்று, பிற்பகல் அறிவிப்பைக் கரும்பலகையில் எழுதிவைக்கச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். செலவு ஒரு சாக்கட்டிதான். வணிகப் பெருமக்கள் ஆவன செய்வார்கள் என நம்புகிறோம்.