கார்டு விற்பவர் முதலில் ஓட்டிக் காட்டட்டும்

பெங்களூரு ஐ.டி. கம்பெனிகள் கழித்துவிடும் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்கு வருவது புதிதல்ல. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதையொட்டி இந்த வரத்து கூடிவிட்டது. இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசசரிலிருந்துதான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். அதனால் ஐ5-4570, ஐ5-6500, ஐ5-7500 போட்ட மெஷின்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கைமாறுகின்றன. சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் பையன்கள் அவற்றை வாங்குகிறார்கள். அடுத்த போனஸ் வந்ததும் புதிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேடிக் கிளம்புகிறார்கள்.

பாகலூர் ரோட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து, பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இது: "அண்ணா, இந்த ப்ராசசருக்கு இந்த கார்டு போட்டா பாட்டில்நெக் ஆகுமா?"

ஒன்று மெதுவாக இருப்பதால் மற்றது முடங்குமா என்பதுதான் கேள்வி. இதற்கு இரண்டு பதில்கள் சந்தையில் தயாராக இருக்கின்றன. "எதுவும் ஆகாது, சொருகுங்க" என்பது ஒன்று. "மெஷினையே தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்குங்க" என்பது மற்றொன்று. கார்டு மட்டும் விற்கிறவர் முதல் பதிலைச் சொல்கிறார். முழு சிஸ்டம் விற்க நினைப்பவர் இரண்டாவதை. இரண்டுமே வாங்குகிறவரின் மெஷினைத் திறந்து பார்க்காமல் சொல்லப்படுபவை. அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மூக்கண்டப்பள்ளியில் மூன்று பேரோடு அறை எடுத்துத் தங்கி, வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை பார்க்கும் பாலக்கோட்டுப் பையன் ஒருவன். தீபாவளி போனஸோடு கையிலிருந்ததையும் சேர்த்துப் பெங்களூருக்குப் போய் ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கி வந்தான். முப்பதாயிரத்தை ஒட்டிய செலவு. அவனிடம் இருந்தது ஐ5-4570. 2013-இல் வந்த, நான்கு கோர், நான்கே த்ரெட் கொண்ட ப்ராசசர். அதில் ஏற்கெனவே ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போட்டிருந்தான். அவனும் ஊர் நண்பர்களும் இரவில் சேர்ந்து ஆடுவது கவுன்டர்-ஸ்ட்ரைக் 2. புது கார்டு போட்ட பிறகும் ஆட்டத்தில் பெரிய மாற்றமில்லை. சண்டை கூடும் இடத்தில் படம் முன்பு போலவே திக்கியது. கார்டு டூப்ளிகேட்டாக இருக்குமோ என்ற பயத்தோடு மெஷினைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

கார்டில் குறையே இல்லை. திரை ஓரத்தில் அளவுகளைக் காட்டும் ஆஃப்டர்பர்னரைப் போட்டு ஒரு ஆட்டம் ஆடச் சொன்னேன். ப்ராசசரின் நான்கு கோரும் நூறு சதவீதத்தில் நின்றன. கார்டு பாதி வேலைகூடச் செய்யவில்லை. பிறகு கேமின் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கினேன். எஃப்பிஎஸ், அதாவது ஒரு செகண்டில் வரும் ஃபிரேம் எண்ணிக்கை, ஏறவில்லை. வேறு சாட்சி தேவையில்லை: வரைய வேண்டிய புள்ளிகளைப் பாதிக்கும் கீழே குறைத்தும் வேகம் கூடவில்லை என்றால், தாமதம் வரைகிற இடத்தில் இல்லை.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ப்ராசசர் முதலில் தன் கணக்கை முடித்தாக வேண்டும். யார் எங்கே நகர்ந்தார்கள், குண்டு எங்கே பட்டது, சர்வரிலிருந்து என்ன வந்தது, எதை எதை வரைய வேண்டும் என்று பட்டியல் போட்டு கார்டிடம் கொடுப்பது அதன் பொறுப்பு. பட்டியல் வரும்வரை கார்டு சும்மா நிற்கும். நான் இதை விளக்கத் தொடங்கியதுமே பையன் பிடித்துக்கொண்டான். "எங்க லைன்ல அஞ்சாவது ஸ்டேஷன் ஸ்லோன்னா, கடைசி ஸ்டேஷன்ல புது மெஷின் போட்டாலும் அவுட்புட் ஏறாதுண்ணா. அதானே இது?" அதேதான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சொல்லிப் புரிய வேண்டிய விஷயமே இல்லை. அவர்கள் பணத்தை வாங்கும்போது அதைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அதே மெஷினில் அதே கார்டைப் போட்டு விட்சர் 3 ஓட்டினோம். பழைய கார்டில் படத்தின் தரத்தை இறக்கி வைத்துத்தான் ஆடியிருக்கிறான். இப்போது எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தும், நகரத்துக் கூட்டத்தில் கொஞ்சம் தடுமாறியதைத் தவிர, 60 எஃப்பிஎஸ்ஸை விட்டு இறங்கவில்லை. அவன் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்தான். ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட் நேரம் இருக்கிறது. 2015-இல் வந்த அந்த கேமின் கணக்கை அந்தப் பழைய ப்ராசசர் அதற்குள் முடித்துவிடுகிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டராக இருந்து அதை நிரப்ப நினைத்தால் இருப்பது 6.9 மில்லிசெகண்ட். அங்கே அது தோற்றுவிடும்.

ரெசல்யூஷன் விஷயமும் இப்படித்தான். 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 83 லட்சத்தைத் தொடும். புள்ளி கூடக் கூட கார்டின் பாரம் ஏறும். ப்ராசசரின் பாரம் அநேகமாக அப்படியே இருக்கும். ஒரே ப்ராசசரும் ஒரே கார்டும் ஒரு கேமில் ஒன்றும், இன்னொரு கேமில் மற்றதுமாகப் பின்தங்குகின்றன. ஒரே கேமிலும் வெட்டவெளியில் ஒரு கணக்கு, சந்தைத் தெருவில் வேறு கணக்கு. அப்படியிருக்க, இரண்டின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு "இத்தனை சதவீதம் பாட்டில்நெக்" என்று இணையதளங்கள் ஓர் எண்ணைத் தருவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அந்த எண்ணைப் போனில் காட்டி, "எனக்கு இவ்வளவு வருதாம்ணா" என்று முகம் வாடி நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பெரிய கம்பெனியின் புதுக் கார்டையும் பழைய ப்ராசசர் இப்படிக் காலை வாரியிருக்கிறது. 2024 டிசம்பரில் இன்டெல் ஆர்க் பி580 என்ற கார்டை 249 டாலருக்குக் கொண்டுவந்தது. குறைந்த பணத்தில் நல்ல கார்டு என்று எல்லோரும் பாராட்டினார்கள். 2025 ஜனவரியில் ரைசன் 5 2600 போன்ற பழைய ப்ராசசரில் வைத்துச் சோதித்தபோது, சில கேம்களில் வேகம் மளமளவென்று இறங்கியது. ரைசன் 5 5600-லும் சில இடங்களில் அடி வாங்கியது. முதல் சோதனைகள் பெரும்பாலும் விலையுயர்ந்த புது ப்ராசசரில் நடந்தவை. குறைந்த விலைக் கார்டை வாங்குகிறவர் வீட்டில் இருப்பதோ பழைய ப்ராசசர்.

எஃப்பிஎஸ் குறைவதைவிட எனக்கு அதிகம் கவலை தருவது வயர். ஆர்டிஎக்ஸ் 4060 உச்சத்தில் 115 வாட் இழுக்கும். மதர்போர்டு ஸ்லாட் தரக்கூடியது 75. மீதிக்குத் தனி பவர் பிளக் வேண்டும். ஆபீஸ் மெஷினுக்குக் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தப் பிளக் பெரும்பாலும் இருப்பதில்லை. சிலவற்றில் மதர்போர்டுக்குப் போகும் பிளக்கே தனி வகை என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸை எளிதில் மாற்றவும் முடியாது. உடனே நூறு ரூபாய் கன்வெர்ட்டர் ஒன்றை, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரில் மாட்டிவிடுகிறார்கள். ஒரு சாட்டா பிளக் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். கார்டு ஸ்லாட்டின் 75-ஐ முழுதும் இழுக்காமல் பிளக்கிலேயே பாரத்தைப் போட்டால் அது தாங்காது. கருகி, உருகி ஒட்டிக்கொண்ட பிளக்குகளை என் கையால் பிய்த்து எடுத்திருக்கிறேன். நான்கு பேர் படுத்துத் தூங்கும் அறையில், ஆள் நைட் ஷிப்ட்டில் இருக்கும்போது கேம் டவுன்லோடுக்காக ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் அது. இந்தக் கன்வெர்ட்டரைக் கார்டோடு சேர்த்து விற்பது குற்றம் என்றே நான் சொல்வேன். ஆபீஸ் மெஷினை மாற்ற வழியில்லை என்றால், தனி பிளக் கேட்காத ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை இருக்கிறது. அதன் தேவை 70 வாட்தான்.

விளையாட்டுக்கு இவ்வளவு செலவா என்று கேட்கிற பெரியவர்கள் உண்டு. ஊரை விட்டு வந்து, ஷிப்ட் முடிந்து, சொந்தக்காரர் யாருமில்லாத தெருவில் தங்குகிற பையனுக்கு, ஊர்க் கூட்டாளிகளோடு ஹெட்செட்டில் பேசிக்கொண்டே ஆடும் அந்த இரண்டு மணி நேரம் பெரிய ஆறுதல். அவன் காசு அவன் உழைத்தது. அது வீணாகக் கூடாது என்பதுதான் என் அக்கறை.

பழைய மெஷின் எல்லாமே வீண் என்றும் இல்லை. 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் இன்னொன்று போட்டு இரட்டை சேனலாக்குவதிலேயே திக்கல் குறையும். 2017-இல் ரைசன் 5 1600 வாங்கியவர்கள், பயாஸ் ஏற்கிற போர்டாக இருந்தால், அதே ஏஎம்4 சாக்கெட்டில் 5600-ஐ உட்கார வைக்கலாம். போர்டு, ராம் எதையும் தூக்கிப் போட வேண்டாம். ஐ5-4570-க்கு அந்த வழி இல்லை. அதே போர்டில் ஐ7-4790 வரை ஏறலாம், அதற்கு மேல் கதவு மூடிவிடும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் விற்பவர்களுக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விற்பவர்களுக்கும், இங்கே என்னைப் போல் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரே கோரிக்கை. வாங்க வருகிறவரிடம் என்ன ப்ராசசர், என்ன எஸ்எம்பிஎஸ், எந்த மானிட்டர், தினமும் எந்த கேம் என்ற நான்கையும் கேளுங்கள். மெஷினைக் கொண்டுவரச் சொல்லி, கையிலிருக்கும் கார்டிலேயே 720பி-யில் ஒரு ஆட்டம் ஓட்டிக் காட்டுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. பாலக்கோட்டுப் பையனுக்கு அதைச் செய்திருந்தால், அந்த முப்பதாயிரத்தில் முதலில் போர்டும் ப்ராசசரும் ராமும் எஸ்எம்பிஎஸ்ஸும் வாங்கி, பழைய 1050 டிஐ-யையே அதில் போட்டு ஆடிக்கொண்டு, புது கார்டை அடுத்த தீபாவளிக்குத் தள்ளி வைத்திருப்பான்.