நாள் போனால் மட்டும் முட்டி தேறாது

"ஆப்பரேஷன்தான் முடிஞ்சிருச்சே, ஆறு மாசம் பேசாம இரு, சரியாயிடும்." பந்து விளையாடி முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். நார் அறுந்து, ஈப்போவில் அறுவைச் சிகிச்சை முடித்து பீடோருக்குத் திரும்பும் பையனிடம் பாட்டி முதல் குழுத் தலைவன் வரை சொல்வது இதைத்தான். சொல்பவர்களின் அன்பில் குறையில்லை. ஆனால் இந்த நம்பிக்கைதான் பிள்ளைகளின் காலைக் கெடுக்கிறது.

மருத்துவர் தொடையின் பின்புறத்திலிருந்தோ முட்டிச்சிப்பிக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டு, அறுந்ததன் இடத்தில் பொருத்துகிறார். அது எலும்போடு ஒட்டி உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். வலியும் வீக்கமும் அடங்கி, ஓடினால் என்ன என்று மனம் துடிக்கும் முதல் சில மாதங்களில்தான் அந்த நார் மிகவும் பலவீனமாக இருக்கிறது.

முன்தொடைத் தசை அதற்குள் கரைந்துவிடும். கைலியை மடித்து இரு தொடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். சும்மா படுத்திருந்தால் அது திரும்ப வராது. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியைக் கீழே அழுத்தி முழுக்க நேராக்குவது முதல் நாட்களிலேயே தொடங்க வேண்டிய வேலை. நாமோ பாவம் பார்த்து முட்டிக்கு அடியில் தலையணையைத் திணிக்கிறோம். முட்டி மடங்கியபடியே இறுகுகிறது, பிறகு நொண்டல்.

"கரோலினா மரின் எட்டு மாதத்தில் வந்தாரே!" என்பார்கள் பூப்பந்து ரசிகர்கள். உண்மைதான். 2019 ஜனவரியில் அந்த ஸ்பெயின் வீராங்கனையின் முட்டி போனது, செப்டம்பரில் சீன ஓப்பனை வென்றார். அந்த எட்டு மாதமும் பயிற்சியாளர், பிசியோ என்று ஒரு குழுவே அவரோடு நின்றது. நம் பையனுக்கு யார் நின்றார்கள்?

2016இல் வெளியான நார்வே ஆய்வு, ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைவதைக் காட்டியது. காத்திருந்தால் மட்டும் போதாது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. தசை வலுவிலும் ஒற்றைக்கால் தாண்டலிலும் அடிபட்ட கால் மற்றதில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும். இத்தகைய தேர்வுகளில் தேறித் திரும்பியவர்களில் 5.6 விழுக்காட்டினரே மீண்டும் முட்டியில் அடிபட்டார்கள். தேறாமல் இறங்கியவர்களில் 38.2.

இன்னொரு கொடுமை, பயப்படுகிறவனைக் கோழை என்பது. அறுவைக்குப் பின் போட்டி ஆட்டத்துக்குத் திரும்புவோர் பாதிக்குச் சற்று மேல்தான். மறுபடி அறுந்துவிடுமோ என்ற அச்சம் மற்றவர்கள் திரும்பாததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அதட்டினால் அச்சம் போகாது. படி இறங்கி, ஒற்றைக்காலில் குந்தி, குதித்துத் தரையிறங்கி, ஓடும்போதே திசை திருப்பி, ஒவ்வொன்றிலும் முட்டி தாங்குவதை அவனே கண்டால்தான் தைரியம் வரும்.

ஆகவே பெற்றோரே, குழுத் தலைவர்களே, "எத்தனை மாசம் ஆச்சு?" என்று கேட்பதை விடுங்கள். "பிசியோ இன்று என்ன செய்யச் சொன்னார், செய்தாயா?" என்று கேளுங்கள். தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ பிசியோவிடம் போக அவனுக்கு வண்டி இல்லையென்றால், உங்கள் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.