கால் வீங்கினால் நீர் மாத்திரையா?

நான் டாக்டர் இல்லை, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஆனாலும் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் அக்காவுக்கு 68 வயது. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிட்டு வந்தார். சில மாதங்களில் இரண்டு கணுக்காலும் வீங்கின. பட்டாசு ஆலைக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பெண், "பெரியம்மா, எங்க அத்தைக்கு நீர் மாத்திரை போட்டதும் வத்திருச்சு" என்றார். மெடிக்கலில் கேட்டதும் கொடுத்தார்கள். டாக்டர் சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

சித்திரை வெயிலில் மூன்று வாரம் போட்டார். அடிக்கடி சிறுநீர் போகிறதே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். ஒருநாள் காலை கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே சாய்ந்தார். ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் இறங்கியிருந்தன. கால் வீக்கம் மட்டும் இறங்கவில்லை!

டாக்டர் விளக்கினார். அம்லோடிபின் ரத்தக் குழாயை விரிப்பதால் சிலருக்குக் காலில் நீர் கசிந்து தங்கும். உடம்பில் நீர் கூடிப்போய் வந்த வீக்கம் அல்ல அது. அதனால் நீர் மாத்திரைக்கு அவ்வளவாக வற்றாது. பிரஷர் மாத்திரையை மாற்றினார், வீக்கம் வடிந்தது.

நீர் மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. சிறுநீரகம் உப்பைத் திரும்ப உறிஞ்சாமல் அது தடுக்கிறது. உப்போடு நீரும் வெளியேறுகிறது. தையசைடு வகை 1950களின் கடைசியில் வந்தது. பிரஷருக்கு முதலில் தரத்தக்க மருந்துகளில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் 2021லும் அதைச் சொல்லியிருக்கிறது. இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குபவருக்கு ஃபுரோசமைடு பெரிய துணை. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், இதைப் படித்துவிட்டுப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

நம் ஊர் அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்காமல் யாராவது ஷட்டரைத் திறப்பார்களா? உடம்புக்கும் அதுதான் கணக்கு.

மூன்றே வேண்டுகோள். கால் வீங்கினால், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். இருதயமா, சிறுநீரகமா, மாத்திரையா என்று அவர் பார்க்கட்டும். வெயிலில் வேலை செய்பவர்கள், வேலை இடத்தில் கழிப்பறைக்குப் போகத் தயங்கித் தண்ணீர் குடிக்காத பெண்கள், அதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் சகோதரிகள், "கால் வீங்குதாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மெடிக்கல் வைத்திருக்கும் தம்பிமார்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். சீட்டு இல்லாமல் நீர் மாத்திரை கொடுக்காதீர்கள் தம்பி. உங்கள் வாத்தியார் கேட்கிறேன்.