வேளைக்கீரையைக் களையென்று பிடுங்குவதா?

மாரி மழை விழுந்து சில நாட்களில் மாட்டுப்பட்டி ஓரத்திலும் குப்பைமேட்டிலும் தானாக முளைத்து நிற்பது வேளை. தயிர்வளை என்றும் சொல்வார்கள். ஒரு காம்பில் விரித்த விரல்கள் போல ஐந்து இலைகள், வெள்ளைப் பூ, கையில் ஒட்டும் தண்டு. (மஞ்சட் பூ பூப்பது நாய்வேளை, அது வேறு.) நமது அம்மம்மாமார் இதன் குருத்தை ஆய்ந்து தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தார்கள். நாமோ பிடுங்கி வேலிக்கு வெளியே எறிகிறோம், இல்லாவிட்டால் களைநாசினி அடிக்கிறோம். இது நமக்கு நாமே செய்யும் நட்டம் என்றே நான் எண்ணுகிறேன்.

2006ஆம் ஆண்டு சம்பூரையும் மூதூர் கிழக்கின் ஏனைய ஊர்களையும் விட்டோடிய குடும்பங்கள் கிளிவெட்டி போன்ற முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தன. நிவாரணம் என்றால் அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். பச்சை இலைக்கு அதில் இடமில்லை. கொட்டிலோரம் வேளை நின்றபோதும், ‘பஞ்சத்துக்குத் தின்கிற இலை’ என்று பறிக்க வெட்கப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த வெட்கம் எனக்கும் இருந்தது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்டு, பற்றைக்காடாய்க் கிடந்த வளவுகளைத் துப்புரவாக்கியபோதும் வேளை களையோடு களையாகவே போயிற்று.

ஆபிரிக்காவிலும் இதே செடி காட்டிலும் தோட்டத்திலும் நிற்கிறது. கென்யாவில் பிள்ளை பெற்ற தாய்க்கு இதைச் சமைத்துக் கொடுக்கிறார்கள்; கைப்பு அடங்கப் பால் விடுகிறார்கள். சிம்பாப்வேயில் அவித்துக் காயவைத்து வறட்சிக் காலத்துக்கு வைத்திருக்கிறார்கள். அங்கும் கோவா வந்தபின் இது ஏழைகளின் கீரையென்று ஒதுக்கப்பட்டதுண்டு. பேராசிரியர் மேரி அபுகுட்சா-ஒன்யாங்கோ போன்றோர் இத்தகைய கீரைகளை ஆராய்ந்து, விதையும் பெருக்கி, மக்களிடம் எடுத்துச் சென்றார்கள். இன்று நைரோபியின் பெரிய கடைகளிலும் இது விலைக்கு விற்கப்படுகிறது. விற்றமின் ஏ, சி, இரும்பு, கல்சியம் எல்லாம் உள்ள இலை. மலேசியாவில் உப்பிட்டுப் புளிக்கவைத்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். எருமைத் தயிருக்குப் பேர்போன கொட்டியாரத்தில் நாமும் தயிரோடு சேர்த்துப் பார்க்கலாமே!

வீட்டுத்தோட்டத்துக்கென்று விதைப்பொதி கொடுப்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கத்தரியும் தக்காளியும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர் வேண்டும், மருந்து வேண்டும், மறுமுறை விதைக்குக் காசும் வேண்டும். வேளைக்கு மழையும் பட்டி எருவும் போதும். அந்தப் பொதிகளில் இதற்கு ஏன் இடமில்லை?

வயலில் மருந்தடித்த பக்கத்தில் நிற்பதைப் பறிக்க வேண்டாம். வளவில் ஒரு மூலையை விட்டுவிடுங்கள். பூவை அடிக்கடி கிள்ளிவிட்டால் இலை நீண்ட நாள் வரும். இரண்டு மூன்று செடியை மட்டும் காய்க்க விட்டு, காய் மஞ்சளாகி வெடிக்குமுன் பறித்துக் காயவையுங்கள். புது விதை சில மாதம் உறங்கும்; உடனே முளைக்கவில்லையென்று எறிந்துவிடாதீர்கள். மாசியில் எடுத்ததைப் போத்தலில் போட்டு வைத்தால் ஐப்பசி மழைக்குத் தூவலாம். காணி இன்னும் கைக்கு வராதவர்கள் எருப்போட்ட பழைய சாக்கொன்றில் தூவினாலும் அது முளைக்கும்.