சுப்பையாவின் தாத்தா சுப்பையா

கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலில் யார் பெயர் முதலில் என்று சண்டை வராத குடும்பம் உண்டா? அந்தச் சண்டையை நானூறு பேருக்கு விஸ்தரிக்க ஆசையிருந்தால், வம்சாவளி சாஃப்ட்வேர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளுங்கள். இலவசமாகவே கிடைக்கிறது. (எஸ்.டி.டி. காலமாக இருந்தால் சண்டைக்குத் தனிச் செலவு ஆகியிருக்கும். இப்போது வாட்ஸப் இருக்கிறது.)

இந்த சாஃப்ட்வேர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷைக்கு 'ஜெட்காம்' என்று பெயர். 1984-ல் அமெரிக்காவின் மார்மன் திருச்சபையார் உண்டாக்கியது. செத்துப்போன முன்னோர்களுக்கும் ஞானஸ்நானம் செய்விக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே பாட்டன், முப்பாட்டன் கணக்கில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. சமாசாரம் எளிது. ஆளுக்கு ஒரு நம்பர், தம்பதிக்கு ஒரு நம்பர், இன்னார் புருஷன், இன்னார் பெண்டாட்டி, இன்னின்னார் பிள்ளைகள். நோட்பேடில் திறந்தே படித்துவிடலாம்.

அவர்கள் ஊர்க் குடும்பத்துக்கு இது கச்சிதம். நம் குடும்பத்தைப் போட்டதும் திணற ஆரம்பிக்கிறது.

முதலில் 'குடும்பப் பெயர் என்ன?' என்று கேட்கும். எனக்கு அப்பா பெயர்தான் இனிஷியல். அப்பாவுக்கு தாத்தா பெயர். தாத்தாவுக்கு அவர் அப்பா பெயர். அகர வரிசைப்படி அடுக்கச் சொன்னால் நான் ஒரு மூலை, அப்பா ஒரு மூலை, தாத்தா வேறெங்கோ. ஒரே வீட்டில் இருந்தவர்களை சாஃப்ட்வேர் தனிக்குடித்தனம் வைத்துவிட்டது.

அடுத்தது நம்பர். வம்சாவளிக்காரர்களிடம் பழைய முறை ஒன்று உண்டு. நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய நம்பரையும் இரண்டால் பெருக்கினால் அவர் அப்பா. அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. ஆகவே என் அப்பாவைப் பெற்ற தாத்தா 4, பாட்டி 5. வம்பு இங்கேதான். தாத்தா கட்டிக்கொண்டது சொந்த அக்கா மகளை. எனவே தாத்தாவின் அம்மா 9-ம் நம்பர். பாட்டியின் அம்மாவுக்கு அம்மா என்ற வகையில் அதே அம்மாள் 23-ம் நம்பர். மாமியாரும் அம்மாச்சியும் ஒருவரேதான் என்று நம் ஊரில் ஒரு குழந்தைக்குச் சொன்னால் புரியும். என் கம்ப்யூட்டர் அதே அம்மாளுக்கு இரண்டு கட்டம் போட்டுக் காட்டுகிறது.

டல்லாஸில் இருக்கும் தம்பி மகனும் இதே வேலையில் இறங்கியிருந்தான். "பெரியப்பா, உங்க ஃபைலையும் என் ஃபைலையும் சேர்த்துடலாம்" என்றான். சேர்த்தான். 'ஒரே பெயருள்ளவர்களை இணைக்கவா?' என்று சாஃப்ட்வேர் கேட்டதற்கு, யோசிக்காமல் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டான். எங்கள் வீட்டில் தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். மொத்தம் ஐந்து சுப்பையா. ஐந்தும் ஒன்றாகி, ஒரு மகா சுப்பையா 1868-ல் பிறந்து 1994-ல் காலமாகி, நடுவில் தனக்குத் தானே தாத்தாவாகவும் இருந்தார்.

அத்தையின் கதை இன்னும் மோசம். அவர் பிறந்தது தாது வருஷம். பையன் வலையில் தேடியிருக்கிறான், தாது வருஷப் பஞ்சம் 1876 என்று கிடைத்திருக்கிறது, போட்டுவிட்டான். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்று டல்லாஸில் யார் சொல்லித் தருவார்கள்? அத்தையுடையது 1936. 'இவருக்கு வயது 150-ஐ நெருங்குகிறது, இறந்த தேதி இல்லையே' என்று சாஃப்ட்வேர் எச்சரித்தது. மாயவரத்தில் அத்தை அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

பிரித்து அடுக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. பையனிடம் 'குடும்பம்', 'குடும்பம் ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று பதினொரு ஃபைல். இப்போது உயிரோடு இருப்பது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் வருஷம், மாசம், தேதி என்ற வரிசையில் பெயரிட்டுப் பரணில். பெயரை நம்பி யாரையும் இணைப்பதில்லை, அப்பா அம்மா இருவரும் பொருந்த வேண்டும். போட்டோவுக்கும் ஆளின் நம்பர்தான் பெயர். முக்கியமாக, ஒவ்வொரு தகவலுக்குக் கீழும் 'யார் சொன்னது, எப்போது' என்று ஒரு வரி. பாதித் தகவலுக்கு அத்தைதான் சாட்சி. அவருக்கோ தொண்ணூறு நெருங்குகிறது.

உறவினர்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "எந்த நிலத்துக்குப்பா கணக்கு?" என்றுதான் முதல் கேள்வி. பெண்களுக்கும் பூர்வீகத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் திருத்தியதிலிருந்து, அத்தைகளை எண்ண ஆரம்பித்தாலே எங்கள் வீட்டு ஆண்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

எண்ணியபோது ஒன்று இடித்தது. ஃபைலில் தாத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள். அவர் கைப்பட எழுதிய நோட்டில் ஆறு வரி. மூன்றாவது வரியில் பெயர் தெரியாதபடி மசி பூசியிருந்தது. சித்தப்பாவைக் கேட்டேன். 1953-ல் வேறு ஜாதிப் பையனோடு போய்விட்ட அக்காவாம். தாத்தா தலைமுழுகிவிட்டார். "பேரெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. நீயும் தோண்டாதே" என்றார் சித்தப்பா.

மாயவரத்துக்கு போன் போட்டேன்.

"உன் பக்கத்துல யாராச்சும் இருக்காங்களாப்பா?" என்றார் அத்தை. இல்லை என்றேன். பெயரைச் சொன்னார். காது கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம், நிறுத்தி நிறுத்தி. "பவ வருஷம், ஐப்பசி. நல்ல அடைமழைன்னு அம்மா சொல்லும்."

1934 என்று போட்டேன். சாஃப்ட்வேரில் 'அந்தரங்கம்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் அடித்துவிட்டால், ஃபைலை அடுத்தவருக்கு அனுப்பும்போது அந்த ஆள் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். உயிரோடிருக்கும் எல்லாருக்கும் டிக் போட்டிருக்கிறேன். இந்தப் பெயருக்குப் போடவில்லை. சித்தப்பா இரண்டு மாசமாக என்னோடு பேசுவதில்லை.

"எங்க போட்டிருக்கே?" என்றார் அத்தை.

"பிறந்த வரிசைதான் அத்தை. உங்களுக்கு நேர் மேலே."

"சரி. அவ வூட்டுக்காரர் பேரையும் மூணு பிள்ளைங்க பேரையும் சொல்றேன், எழுதிக்க."

நான்கு பேருக்குப் புது நம்பர் கொடுத்தேன்.