காணிக்கு உறுதி உண்டு, கிணற்று நீருக்கு?

காணி உறுதியின் பெறுமதியைச் சம்பூர் மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஓடத் தொடங்கியவர்கள், கிளிவெட்டி முகாம்களிலும் பிற இடங்களிலும் ஏறத்தாழப் பத்தாண்டுகளைக் கழித்தார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, 'இது என் நிலம்' என்று நிறுவ எழுத்து வேண்டியிருந்தது. எழுத்தில் இல்லாத உரிமை, அதிகாரியின் மேசைக்கு முன்னால் உரிமையே அல்ல.

அந்தக் காணியின் நடுவே இருக்கும் கிணற்று நீருக்கு அப்படியொரு உறுதி இருக்கிறதா என்பதே என் கேள்வி.

கேட்டவுடன் ஒரு பதில் வரும்: "அனல் மின் நிலையம்தான் வரவில்லையே, பிறகு எதற்கு இந்தப் பீதி?" உண்மைதான். இந்தியாவின் தேசிய அனல் மின் கழகத்துடன் 2006 டிசம்பரில் ஒப்பமிடப்பட்ட 500 மெகாவாட் நிலக்கரித் திட்டத்தை, வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 2016 செப்டம்பரில் அரசு கைவிட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. நிலக்கரிச் சாம்பலோடு வரக்கூடிய ஆர்சனிக்கும் பாதரசமும் தவிர்க்கப்பட்டதில் எனக்கும் மகிழ்ச்சியே.

ஆனால், நிலக்கரி ஒன்றுதான் நஞ்சு என்று யார் சொன்னது? கொட்டியாரக்குடாவில் வந்து கலப்பது மகாவலி. மலையகத் தோட்டங்களையும் எண்ணற்ற வயல்களையும் கழுவிக்கொண்டு வரும் ஆறு அது. குடாவுக்கு வடக்கே சீனன்குடாவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. பக்கத்திலேயே விமானப்படைத் தளம். உலகெங்கும் இத்தகைய இடங்களில் தீயணைப்பு நுரையில் பயன்பட்ட 'பீஃபாஸ்' சேர்மம், ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2009இல் சேர்க்கப்பட்டது. அந்த உடன்படிக்கையை இலங்கை 2005இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. இப்போது திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் பேச்சு வேறு.

இவற்றால் சம்பூர்க் கிணறுகள் கெட்டுவிட்டன என்று நான் எழுதவில்லை. கெட்டனவா இல்லையா என்று சொல்லத் தேவையான அளவீடு ஊராரின் கையில் இருக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். இந்த வகை நஞ்சு நிறம் காட்டாது, மணக்காது, எளிதில் சிதையாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயமும் ஆர்சனிக்கும் அதே பானையில்தான் இருக்கும். நாக்கை நம்பிப் பயனில்லை, ஆய்வுகூடம்தான் சாட்சி.

சாட்சி இல்லாதவன் கதி என்ன? தூரம் போக வேண்டாம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. கண்ணால் காணக்கூடிய எண்ணெய்! அதற்கே, எங்கிருந்து வந்தது, யார் விட்டது, குடிக்கலாமா கூடாதா என்று ஆளுக்கொரு அறிக்கை வந்தது. உச்ச நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தபோது 2019 ஏப்ரல் ஆகிவிட்டது. மின் நிலையம் வருமுன்பே சுற்றியுள்ள கிணறுகளின் நீர் அளந்து பதியப்பட்டிருந்தால், இத்தனை வாதத்துக்கு இடமிருந்திருக்குமா?

இன்னொன்று, இதைவிடக் கொடியது. வட மத்திய மாகாணத்தில் 1990களில் அடையாளம் காணப்பட்ட சிறுநீரக நோய், திருகோணமலை மாவட்டத்துப் பதவி சிறிபுரத்தையும் விட்டுவைக்கவில்லை. பீடைநாசினியா, கட்மியமா, புளோரைட்டா, நீரின் கடினத்தன்மையா என்று அறிஞர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். அந்த உழவர்கள் இளமையில் குடித்த தண்ணீரில் என்ன இருந்தது என்று ஆண்டுவாரியாகச் சொல்லும் பதிவேடு இருந்திருந்தால், விவாதம் இவ்வளவு நீண்டிராது. நோயாளி இறக்கிறான், காரணம் மட்டும் 'அறியப்படாதது' என்ற பெயரில் வாழ்கிறது.

எனவே கோரிக்கை எளியது. சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை ஆகிய ஊர்களில் சில கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். வடகீழ்ப் பருவமழைக்கு முன்னும் பின்னுமாக ஆண்டுக்கு இருமுறை அளவிடுங்கள். கிருமியோடு நிறுத்தாமல் பாரவுலோகங்களையும் பீடைநாசினி எச்சங்களையும் எண்ணெய்க் கழிவையும் தேடுங்கள். முடிவுகளைத் தமிழில், எண்களோடு, பிரதேச சபைச் சுவரில் ஒட்டுங்கள். "அபாயம் இல்லை" என்ற ஒற்றை வரி அறிக்கை எங்களுக்கு வேண்டாம். எவ்வளவு இருந்தது, எவ்வளவு இருக்கலாம் என்று சொல்லுங்கள். மிகுதியை நாங்கள் முடிவு செய்வோம்.

செலவு அதிகம் என்பார்கள். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் முதலீடு என்று மேடையில் முழங்குபவர்கள், அதில் ஒரு துளியைக் குழாயடி மக்களின் குடிநீருக்கு ஒதுக்க முடியாதா? மாசுபடுத்தியவனே செலுத்த வேண்டும் என்பது சுன்னாகத் தீர்ப்பு. மாசுபடுத்தக்கூடியவன் முன்கூட்டியே அளவிடச் செலுத்தட்டும் என்பது அதன் அடுத்த படி.

உள்ளூர் வாசகர்களுக்கு ஒன்று: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. அரச நிறுவனங்களிடமுள்ள நீர்ப் பரிசோதனை முடிவுகளை எழுத்தில் கேளுங்கள். 'அப்படியொரு பரிசோதனையே செய்யவில்லை' என்று பதில் வந்தால், அதையும் பத்திரப்படுத்துங்கள். அதுவும் ஓர் ஆவணம்தான். கடல் கடந்து வாழும் அன்பர்களுக்கு ஒன்று: ஊர்க் கோயிலின் கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் கொடுக்கிறீர்கள், நன்று. அந்தக் கும்பத்தில் நிரப்பப்படும் தண்ணீர் எத்தகையது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

ஒருமுறை நிலத்தை இழந்து, காகிதத்தின் துணையோடு மீட்ட மக்கள் இவர்கள். கெட்டுப்போன நிலத்தடி நீரை எந்த வர்த்தமானி அறிவித்தலாலும் விடுவித்துத் தர முடியாது.